கோப்பியின் பிஸ்கட் பெட்டி

திகாம் பத்து
5.8.2024

அன்புள்ள அகத்தா அக்காவுக்கு,

தம்பி வால்டர் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறேன். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மடத்தில் நீயும் மற்ற சிஸ்டர்மாரும் சுகமா? மழைக்கு வந்த இருமல் நின்றதா?

பிலோமினாவின் முதலாண்டுப் பூசை முடிந்தது. கோவிலில் நல்ல கூட்டம். அவளைப் பற்றிச் சொல்ல ஊரில் எல்லாருக்கும் ஏதோ இருந்தது. கட்டிய புருஷன் நான்தான் மரம் மாதிரி நின்றேன். நீ அடைபட்ட மடத்துக்காரி, உனக்குப் போன் கிடையாது. அதனால்தான் இதெல்லாம் எழுதுகிறேன். போனில் என்றால் "நல்லா இருக்கேங்க்கா" என்று சொல்லி வைத்திருப்பேன்.

அவள் வளர்த்த நாய் கோப்பியின் திமிரைக் கேள். ஒரு வருஷமாகச் சோறு போடுகிறவன் நான். அதுவோ வாசல் கேட்டுப் பக்கம் மூஞ்சியை வைத்துக்கொண்டு பின்பக்கத்தை எனக்குக் காட்டிப் படுத்திருக்கிறது. சோற்றை வைத்துவிட்டு நான் உள்ளே போன பிறகுதான் சாப்பிடும். இந்த வீட்டில் மூச்சு விடுவது நானும் அதுவும்தான். அதுவும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மகன் ரஃபேல் பூசைக்கு வந்தான். மறுபடி அடுத்த ஞாயிறும் வந்தான் என்று சந்தோஷப்பட்டேன். டிவிக்கு மேலே ஒரு பெட்டியை மாட்டினான். சமையலறை வாசலில் ஒரு குழாயும் தட்டும் வைத்தான். "நாய்க்கு பிஸ்கட் போடற மெஷின்பா" என்றான். ஸ்குரூவை முறுக்கி முடித்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டான். அவன் வேலை செய்யும் கூலிமிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சினிமாவில் பாதி நேரம்கூட ஆகாது. கம்பெனி பஸ் ஓட்டிய எனக்குத் தெரியாதா அந்த ரோடு? உள்ளதைச் சொல்கிறேன் அக்கா, அவன் வந்து உட்கார்ந்தால் போதும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எங்களுக்காக வேண்டிக்கொள்.

தம்பி
வால்டர்

*

கூலிம்
17.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

ரஃபேல் எழுதுகிறேன். சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை, தூக்கம்தான் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் மாறுகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு நான் பேனா பிடிப்பது உங்களுக்கு மட்டும்தான்.

அப்பா வீட்டில் நான் மாட்டிய பெட்டியைப் பற்றி எழுதியிருப்பார். அது சும்மா பிஸ்கட் போடும் மெஷின் இல்லை அத்தை. தொழிற்சாலையில் என் வேலை கேமராவுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது. சர்க்கியூட் போர்டில் கீறல் இருந்தால் அதுவே கண்டுபிடிக்கும். அதே வித்தையைத்தான் கோப்பிக்குச் செய்திருக்கிறேன். கோப்பியின் தலை எங்கே, உடம்பு எங்கே, அப்பா எங்கே என்று கேமரா ஓயாமல் கவனிக்கும். இப்போதைக்குக் கோப்பி அப்பா பக்கம் தலையைத் திருப்பினாலே போதும், 'டிக்' என்று சத்தம் வரும், தட்டில் பிஸ்கட் விழும். அது பழகியதும் தலையைத் திருப்பினால் மட்டும் கிடைக்காது, எழுந்து வர வேண்டும். அப்புறம் இன்னும் கிட்டே. கடைசியில் அவர் காலடியில் படுக்க வேண்டும். எப்போது அடுத்த படி என்று மெஷினே முடிவு செய்யும். யாரும் தொட வேண்டாம்.

அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் பிடுங்கி எறிந்துவிடுவார். அம்மா செய்துகொண்டிருந்ததை யாராவது செய்ய வேண்டும் அல்லவா? கோப்பியாவது அவர் பக்கத்தில் இருக்கட்டும்.

நான் போனால் என்ன என்று கேட்பீர்கள். போனால் இரண்டு பேரும் டிவியைப் பார்க்கிறோம் அத்தை. அம்மா இருந்தவரை அப்பா சொன்னதை என்னிடமும் நான் சொன்னதை அப்பாவிடமும் அம்மாதான் கொண்டுபோனார். இப்போது என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

உங்கள் மருமகன்
ரஃபேல்

*

மடம்
2.9.2024

என் அருமை மருமகனுக்கு,

அத்தை அகத்தாவின் ஆசீர்வாதம். என் இருமல் போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தோட்டத்து வேலை வந்திருக்கிறது.

கெட்டிக்காரன்தான் போ! அப்பனைக் கொஞ்சுவதற்கு நாய்க்குப் பாடம் நடத்துகிற பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் ஜெபத்தில் அதே ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

நானாகச் சொல்லமாட்டேன். அவன் என்னைக் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. டிவியைப் பார்த்தால் என்னடா? இரண்டு பேரும் சேர்ந்தே பாருங்களேன். பேச ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் உட்கார்ந்திருப்பதுதான். நாங்கள் இங்கே பாதி நாள் அதைத்தான் செய்கிறோம்.

வேளைக்குச் சாப்பிடு.

அத்தை

*

திகாம் பத்து
20.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த முறை புலம்பல் இல்லை, நல்ல செய்தி!

கோப்பி மனம் மாறிவிட்டது. போன மாதம் கேட்டுப் பக்கமிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஏதோ ஈ என்று நினைத்தேன். மறுபடி பார்த்தது. அப்புறம் எழுந்து கூடத்துக்குள் வந்தது. வந்து நின்று யோசிக்கும், போகும், திரும்பவும் வரும். இந்த வாரம் என் பிரம்பு நாற்காலியின் காலுக்குப் பக்கத்தில் வந்து படுத்துவிட்டது. நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன், எங்கே எழுந்து போய்விடுமோ என்று. கையை நீட்டினேன். நக்கியது. நான் அழுதேன் என்று உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்? பிலோமினாதான் மேலிருந்து அதன் காதில் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

ரஃபேல் மாட்டிய மெஷின்தான் நேரம் காலம் தெரியாமல் பிஸ்கட்டாகப் போட்டுத் தள்ளுகிறது. நாய்க்குத் தொப்பை விழப்போகிறது. போகட்டும். நான் நாற்காலியில் இருந்தால்தானே அது வந்து படுக்கும். அதனால் காலையில் பசியாறக் கோப்பிக்கடைக்குப் போவதையும் விட்டுவிட்டேன். கடைக்குக் கூட வரும் காளிதாசன் வாசலில் நின்று, "என்ன வால்டர், நாற்காலியில ஒட்டிக்கிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். அவனுக்கென்ன தெரியும்.

தம்பி
வால்டர்

*

மடம்
7.10.2024

அன்புத் தம்பி வால்டருக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்து மகிழ்ச்சி. கோப்பி உன்னிடம் வந்தது நல்லது. மிகவும் நல்லது.

முழங்காலுக்கு நடைதான் மருந்து. நாற்காலியிலேயே கிடக்காதே. காளிதாசன் கூப்பிட்டால் போ, நாயையும் கூட்டிக்கொண்டு போ.

ரஃபேல் வந்தானா? வராவிட்டால் நீயே ஒரு போன் போட்டால் என்ன? இந்த முறை எழுத வேறு ஒன்றும் இல்லை.

அக்கா
அகத்தா

*

திகாம் பத்து
4.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? போன கடிதத்தை என்ன, இரண்டு வரியில் முடித்துவிட்டாய்? எனக்கு உன்மேல் வருத்தம்தான். ஆனால் இப்போது எழுதப்போவதைக் கேட்டால் உனக்கும் தூக்கம் வராது.

தீபாவளிக்கு அடுத்த வீட்டு லோகேஸ்வரி முறுக்கு கொண்டுவந்தாள். கெட்டிக்காரப் பெண், ஆஸ்பத்திரியில் வேலை. உட்கார்ந்து கோப்பியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அங்கிள், இது சும்மா போடல லா. நாய் உங்ககிட்ட வந்தாத்தான் பிஸ்கட் விழுது. அந்தப் பக்கம் போனா விழல. மேல இருக்கறது கேமரா. ரஃபேல் பாத்துக்கிட்டே அங்கேருந்து அமுக்கறாரு போல" என்றாள்.

அவள் போன பிறகு நான் எழுந்து படுக்கையறை வாசலில் நின்றேன். கோப்பி பின்னாலேயே வந்து காலடியில் படுத்தது. டிக். கொல்லைக் கதவுக்குப் போனேன். அங்கேயும் வந்து படுத்தது. டிக். எனக்கு ரத்தம் கொதித்தது அக்கா. பிஸ்கட்டுக்காகவா இத்தனை நாளும் என் கையை நக்கினாய் என்று நாயைத் திட்டினேன். விளக்குமாற்றை எடுத்துப் பெட்டியை ஒரே போடு போடுவதற்கு ஓங்கினேன்.

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. லோகேஸ்வரி சொன்னது அப்போதுதான் புத்தியில் ஏறியது. அவன் பார்க்கிறான்! ஒவ்வொரு டிக்குக்கும் என் மகன் கூலிமில் இருந்துகொண்டு என்னைப் பார்க்கிறான். காலையில் விழுகிறது, சாயங்காலம் விழுகிறது. அப்படியென்றால் வேலைக்கு நடுவில்கூட என் நினைப்புத்தான் அவனுக்கு. நான் என்ன மடையன்! வரவில்லை வரவில்லை என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது தலை சீவி, சட்டை போட்டுக்கொண்டுதான் நாற்காலியில் உட்காருகிறேன். வெறும் பனியனோடு மகன் முன்னால் இருக்க முடியுமா? சமைத்ததைத் தூக்கிக் காட்டுகிறேன். ஊர்க்கதை சொல்கிறேன். "சாப்டியாப்பா?" என்று கேட்கிறேன். நேரில் அவனிடம் நான் இவ்வளவு பேசியதே இல்லை. பதில் சொல்ல அந்தப் பெட்டிக்கு வாய் இல்லை, ஆனால் டிக் என்று போடுகிறான் பார், அது எனக்குப் போதும்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கு எழுதிவிடாதே. கூச்சப்படுகிற பிள்ளை, நிறுத்திவிடுவான். என்மேல் ஆணை.

தம்பி
வால்டர்

*

மடம்
11.11.2024

ரஃபேல்,

ஆசீர். இதற்கு மட்டும் உடனே பதில் எழுது. அந்தக் கேமராவில் நீ அப்பாவைப் பார்ப்பதுண்டா?

அத்தை

*

கூலிம்
19.11.2024

அன்புள்ள அத்தைக்கு,

சுகமா? உங்கள் கடிதத்தின் நீளத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

இல்லை அத்தை. பார்ப்பதில்லை. மாட்டிய வாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். பார்க்கவே தேவையில்லாமல் செய்ததுதான் இதில் பெரிய விஷயம். மெஷினே கவனிக்கும், மெஷினே பரிசு கொடுக்கும். பிஸ்கட் தீர்ந்தால் மட்டும் எனக்குச் செய்தி வரும். அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, அவர் பூசைக்குப் போயிருக்கும்போது கொல்லை வழியாக வந்து நிரப்பிவிட்டு, கூடத்துப் பக்கம் போகாமலே திரும்பிவிடுவேன். படங்கள் கொஞ்ச நாளுக்கு இருக்கும், பிறகு தானாக அழியும்.

பார்க்க வேண்டும் என்று போனை எடுப்பேன். அம்மா இல்லாத அந்தக் கூடம் தெரியுமே என்ற நினைப்பு வரும். வைத்துவிடுவேன். அந்த வீட்டுக்குள் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஏன் கேட்டீர்கள்?

ரஃபேல்

*

மடம்
27.11.2024

அன்பு மருமகனுக்கு,

ஞாயிறு முதல் திருவருகைக்காலம். எங்கள் ஒழுங்கு உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதக்கூடாது. வரும் கடிதங்களையும் மடத்துத் தலைவித் தாயார் எடுத்து வைத்து, திருநாளன்றுதான் கொடுப்பார். ஆகவே இன்றே எழுதுகிறேன். இதை எழுத உட்கார்ந்து பல முறை எழுந்துவிட்டேன்.

உன் அப்பனுக்கு நான் கொடுக்காத சத்தியத்தை அவன் என்மேல் போட்டிருக்கிறான். அதை உடைக்கிறேன். பெட்டியில் இருப்பது கேமரா என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நீதான் அங்கிருந்து பார்த்துப் பார்த்துப் பிஸ்கட் போடுகிறாய் என்று நம்புகிறான். உனக்காகத் தலை சீவிக்கொள்கிறான். உன்னோடு பேசுகிறான், ரஃபேல். தினமும் பேசுகிறான்.

நாய்க்கு நீ கற்றுக்கொடுக்க நினைத்தாய். அவனும் சேர்ந்து கற்றுக்கொண்டுவிட்டான். உண்மையை அவனுக்கு எழுத எனக்குத் தைரியம் இல்லை. எழுதாமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை. இனி நான் சொல்ல ஒன்றும் இல்லை, சொல்லவும் முடியாது. திறந்து பார்.

அத்தை

*

கூலிம்
5.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

இது கிறிஸ்துமஸ் அன்றுதான் உங்கள் கைக்கு வரும் என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திறந்தேன். மிச்சம் இருந்த எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். மீன் துண்டைக் கரண்டியில் எடுத்து கேமராவுக்குக் காட்டுகிறார். கையை ஆட்டி ஆட்டி என்னென்னவோ சொல்கிறார், சிரிக்கிறார், யோசித்துவிட்டு மறுபடி தொடர்கிறார். அப்பா இவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியாது அத்தை.

சத்தம் இல்லை. நான் அதில் மைக்கே வைக்கவில்லை. நாய் எங்கே நிற்கிறது என்று பார்க்க மைக் எதற்கு? அவர் சொன்னது ஒன்றுகூட எங்கேயும் இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான் உதட்டசைவில் புரிகிறது. எல்லா நாளும் கடைசியில் அதைத்தான் கேட்கிறார். சாப்டியாப்பா. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். கோப்பி தலையை அவர் பாதத்தில் வைக்கிறது. மெஷின் பிஸ்கட் போடுகிறது. அவர் தலையை ஆட்டிக்கொள்கிறார், நான் பதில் சொன்ன மாதிரி.

இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. நாளைக்கு வீட்டுக்குப் போகிறேன்.

ரஃபேல்

*

திகாம் பத்து
9.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குப் பேச்சு இல்லாத காலம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். கருவாட்டுக் குழம்பு வைத்து இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கோப்பி காலடியில். பேசவேண்டியதைப் பேசி முடித்து, "சாப்டியாப்பா?" என்று பெட்டியைக் கேட்டேன்.

"இன்னும் இல்லப்பா" என்று பதில் வந்தது.

சத்தியமாக, பெட்டிதான் பேசியது என்று நினைத்தேன். "இத்தன நாளு கம்முனு இருந்துட்டு இப்பத்தான் வாய் வந்துச்சா?" என்று அதையே திட்டினேன். கோப்பி எழுந்து வாசலுக்கு ஓடியது. திரும்பிப் பார்த்தால் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரஃபேல் நிற்கிறான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே வரத் தெரியாமல் நிற்கிறான், சொந்த வீட்டில்! "வாடா, சோறு ஆறிப்போவுது" என்றேன். வேறு என்ன சொல்ல?

நன்றாகச் சாப்பிட்டான். குழம்பு அம்மா வைத்த மாதிரியே இருக்கிறது என்றான், அது பொய். நானும் எனக்குத் தெரிந்துவிட்டதை ஒளிக்கவில்லை. "தெனமும் பாத்தியாப்பா?" என்று கேட்டேன். "பாத்தேன்பா" என்றான். "நான் பேசுனதெல்லாம் கேட்டுச்சா?" "கேட்டுச்சுப்பா, எல்லாம் கேட்டுச்சு." எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன், சோதிப்பதற்கு இல்லை. லோகேஸ்வரியின் தங்கைக்குப் பிள்ளை பிறந்த செய்தியை அவனிடம் நாள் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்கு பிலோமினா மாதிரியே நெற்றி என்றுகூடச் சொன்னேன். "லோகேஸ்வரி தங்கச்சிக்கு என்ன பிள்ளன்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்றேன்.

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. தட்டைப் பார்த்தான். "ஆம்பளப் பிள்ளதானப்பா" என்றான்.

பொம்பளப் பிள்ளை அக்கா.

"ஆமாப்பா, ஆம்பளப் பிள்ளதான்" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

ராத்தங்கிவிட்டுக் காலையில்தான் போனான். போகும்போது, "இந்தப் பெட்டிய கழட்டிடவாப்பா?" என்று கேட்டான். "இருக்கட்டும், நாய்க்குப் பழகிப்போச்சு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறேன் என்றான். வந்தான். டிவி பார்த்தோம்.

ஒன்று கேட்க வேண்டும். நீ பதில் எழுத முடியாத நாளாகப் பார்த்துக் கேட்கிறேன். அவனும் உனக்கு எழுதுகிறான் என்று எனக்குத் தெரியும். நான் யாரும் இல்லாத பெட்டியிடமா இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தேன்?

இதைப் படித்ததும் மறந்துவிடு அக்கா. திருநாளுக்கு மடத்தில் என்ன சமைத்தார்கள் என்று மட்டும் எழுது.

தம்பி
வால்டர்